‘ஸ்டாண்ட் பை’: துணை நிற்பதா, சும்மா நிற்பதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும்போது என்னிடம் மிகுதியாகக் கேள்வி எழுப்பிய வினைகளுள் ஒன்று ‘ஸ்டாண்ட் பை’. ‘ஸ்டாண்ட்’ என்றால் நில். ‘பை’ என்றால் அருகில். இரண்டும் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் சொற்கள். தனித்தனியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஃபிரேசல் வெர்ப் என்று பாடநூல்கள் சொல்கிற சொற்றொடர் வினையாகச் சேர்ந்ததும், ஓரிடத்தில் ‘உன்னைக் கைவிட மாட்டேன்’ என்கிறது. இன்னோரிடத்தில் ‘கைகட்டி வேடிக்கை பார்த்தான்’ என்கிறது. இவ்வளவு தூரம் விலகிய இரு பொருள்களை ஒரே தொடர் எப்படிச் சுமக்கிறது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அது நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றும். அப்படிக் கேட்கப்பட்டவற்றைத் திரட்டி இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

‘ஸ்டாண்ட் பை’ என்பதற்கு மொத்தம் எத்தனை பொருள்?

நடைமுறையில் நான்கு தெரிந்தால் போதும். ஒருவருக்குத் துன்பம் வந்தபோது அவரை விட்டு விலகாமல் இருப்பது முதலாவது. சொன்ன சொல்லில், எடுத்த முடிவில், கொடுத்த வாக்கில் மாறாமல் நிற்பது இரண்டாவது. அழைப்பு வந்தால் உடனே இறங்கத் தயாராகக் காத்திருப்பது மூன்றாவது. தடுக்க வேண்டிய ஒன்றைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது நான்காவது.

இவை தவிர, ‘ஜன்னல் அருகே நின்றாள்’ என்ற நேர்ப்பொருளும் உண்டு. அது சொற்றொடர் வினை அல்ல. வெறும் ‘நில்’லும் ‘அருகே’யும்தான்.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘பை’க்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

‘பை’க்குப் பிறகு ஓர் ஆள் வந்தால் பொருள் ‘துணை நிற்றல்’. “ஷி ஸ்டுட் பை ஹர் பிரதர்” என்றால் அவள் தன் சகோதரனைக் கைவிடவில்லை. ஆளுக்குப் பதிலாகச் சொல், முடிவு, வாக்கு, அறிக்கை போன்ற ஒன்று வந்தால் ‘அதில் உறுதியாக நிற்றல்’. “ஐ ஸ்டாண்ட் பை மை டிசிஷன்” என்றால் என் முடிவில் மாற்றமில்லை.

‘பை’க்குப் பிறகு அப்படி ஆளோ சொல்லோ முடிவோ வராவிட்டால், அது காத்திருப்பு அல்லது வேடிக்கை. இவ்விரண்டையும் பிரிக்கச் சுற்றியுள்ள சொற்கள் உதவும். பின்னால் ‘ஃபார்’ வந்தால் (“ஸ்டாண்ட் பை ஃபார் ஆர்டர்ஸ்”) காத்திருப்பு. ‘அண்ட் வாட்ச்’ (பார்த்துக்கொண்டு), ‘வைல்’ (அப்போது), ‘ஐட்லி’ (சும்மா) ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பக்கத்தில் இருந்தால் வேடிக்கை. “வீ கேனாட் ஸ்டாண்ட் பை வைல் தே சஃபர்” என்பதை ‘அவர்கள் துன்பப்படும்போது நாம் துணை நிற்க முடியாது’ என்று மொழிபெயர்த்த ஒரு மாணவரின் தாளை நான் திருத்தியிருக்கிறேன். சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது: ‘அவர்கள் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு நம்மால் சும்மா இருக்க முடியாது.’ அந்த மாணவரிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. ‘ஸ்டாண்ட் பை என்றால் ஆதரவு’ என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்திருந்தார். அதுதான் அவரைக் கவிழ்த்தது.

ஓர் இடத்தில் மட்டும் இந்த வழி போதாது. “ஷி ஸ்டுட் பை ஹர் பிரதர்” என்பது ஒரு நிழற்படத்தைப் பற்றிய பேச்சானால், அவள் சகோதரனுக்குப் பக்கத்தில் நின்றாள் என்பதோடு முடிந்தது. ‘வழக்கு நடந்த காலம் முழுவதும்’, ‘அத்தனை ஆண்டுகளும்’ என்பதுபோல நீண்ட காலத்தைக் குறிக்கும் தொடர் உடன் வந்தால் அது கைவிடாமை. யாரும் வழக்கு முடியும்வரை ஒருவர் பக்கத்தில் காலூன்றி நின்றுகொண்டிருப்பதில்லை அல்லவா?

ஒரே தொடர் எதிரெதிர்ப் பொருள்களுக்கு எப்படி வந்தது?

இரண்டு செயல்களிலும் உடல் செய்வது ஒன்றே என்பதால்தான். நடக்கிற காரியத்துக்கு அருகே ஒருவர் நிற்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும். அவர் நிற்பது துன்பப்படுபவருக்காகவா, அல்லது தலையிடப் பயந்தா என்பது உள்ளே இருக்கும் சங்கதி. ஆங்கிலம் வெளியில் தெரிந்த காட்சிக்குப் பெயர் வைத்தது. உள்ளே இருந்த இரண்டு மனங்களும் அந்தப் பெயருக்குள் புகுந்துகொண்டன.

இதற்கு நான் வகுப்பில் காட்டும் சான்று 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 22ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தில், தொடக்ககாலக் கிறித்தவரான ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டதை, பின்னாளில் கிறித்தவப் போதகரான பவுல் நினைவுகூர்கிறார். நானும் அங்கே ‘ஸ்டாண்டிங் பை’, அவன் சாவுக்கு உடன்பட்டு, கொன்றவர்களின் ஆடைகளுக்குக் காவலிருந்தேன் என்கிறார். அதே நூலில் 27ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில், புயலில் சிக்கிய கப்பலில் அஞ்சி நடுங்கும் மனிதர்களிடம் அதே பவுல் பேசுகிறார். இன்றிரவு தேவதூதன் ‘ஸ்டுட் பை மீ’, அதாவது என்னருகே வந்து நின்றான், என்கிறார். முன்னதில் கொலைக்குத் துணைபோன நிற்றல். பின்னதில் அச்சம் போக்கிய நிற்றல். பேசுபவர் ஒருவரே, நூலும் ஒன்றே, ஆங்கிலத் தொடரும் ஒன்றே. மூலமான கிரேக்கத்தில் இவ்விரு இடங்களிலும் வேறு வேறு வினைகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு வந்தபோதுதான் இரண்டும் ஒன்றாயின. முன்னதில் ‘பை’க்குப் பின் ஆளில்லை, பின்னதில் ‘மீ’ இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மேலே சொன்ன வழி அங்கே செல்லுபடியாகிறது.

துணை நிற்பது என்றால் உதவி செய்வதுதானே? ‘ஹெல்ப்’ என்று எழுதினால் போதாதா?

போதாது. இந்த வேறுபாட்டை விளக்குவதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும் என்பது என் எண்ணம்.

உதவிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. சுமையைத் தூக்கிவிட்டீர்கள், பணம் கொடுத்தீர்கள், படிவத்தை நிரப்பித் தந்தீர்கள், உதவி முடிந்தது. ‘ஸ்டாண்ட் பை’ அப்படி முடிவதில்லை. செய்வதற்கு எதுவுமே இல்லாத நிலையிலும் அது நடக்கும். குணமாகாத நோயாளியின் கட்டிலருகே நாள்தோறும் வந்து உட்காருகிறவர் நோயைப் போக்கிவிடவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் அவரைப் பற்றி ‘ஸ்டுட் பை ஹிம்’ என்றுதான் சொல்வார்கள்.

திருக்குறளின் நட்பு அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரு குறள்கள் இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கின. உடுக்கை இழந்தவன் கைபோல விரைந்து சென்று இடுக்கண் களைவது நட்பு என்கிறது 788ஆம் குறள். அது உதவி, கை ஓடிப்போய்க் காரியத்தை முடித்துவிடுகிறது. அதற்கு முந்திய 787ஆம் குறள், அழிவு தருவனவற்றை நீக்கி, நல்ல வழியில் நடத்தி, அதையும் மீறி அழிவு வந்தால் “அல்லல் உழப்பதாம் நட்பு” என்று முடிகிறது. இங்கே களைதல் இல்லை. தடுக்க முடியாத கேடு வந்துவிட்டது. நண்பன் விலகாமல் இருந்து அந்தத் துன்பத்தைத் தானும் படுகிறான். ‘ஸ்டாண்ட் பை’யின் முதற்பொருளைத் தமிழில் யாராவது கேட்டால் இந்தக் கடைசிச் சீர்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பொருளில் ‘ஸ்டாண்ட் பை’ வர வேண்டுமானால் ஏதாவது ஓர் இடர் இருந்தாக வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கும்போது ஒருவருக்கு நீங்கள் ‘ஸ்டாண்ட் பை’ செய்ய முடியாது. மற்றவர்கள் விலகிப் போனார்கள் அல்லது போயிருக்கக்கூடும் என்ற குறிப்பு இந்த வினைக்குள் எப்போதும் இருக்கிறது. பரிசு வாங்கிய நண்பரை வாழ்த்தும் மடலில் “ஐ வில் ஸ்டாண்ட் பை யூ” என்று எழுதினால், என்ன கெட்டது நடக்கப் போகிறது என்று அவர் திகைப்பார்.

ஒருவருக்குத் துணை நின்றால், அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

ஆகாது. செய்ததைச் சரியென்று சொல்லி ஒரு கட்சியில் சேர்வதற்கு ஆங்கிலத்தில் ‘சைட் வித்’ என்ற வேறு தொடர் இருக்கிறது. மகன் குற்றம் செய்துவிட்டான். தாய் அதை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை, ஆனாலும் சிறைக்குச் சென்று அவனைப் பார்க்கிறாள். அவள் ‘ஸ்டாண்ட் பை’ செய்கிறாள், ‘சைட் வித்’ செய்யவில்லை. செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ‘மகனை ஆதரித்தார்’ என்று எழுதினால் தமிழில் அது குற்றத்தை ஆதரித்ததாகவும் படிக்கப்படும். ‘மகனைக் கைவிடவில்லை’ என்று எழுதினால் அந்தப் பிழை நேராது.

‘வீ ஸ்டாண்ட் பை அவர் ஸ்டோரி’ என்று பத்திரிகைகள் சொல்வதன் பொருள் என்ன?

‘நாங்கள் வெளியிட்ட செய்தியைத் திரும்பப் பெற மாட்டோம், அது சரியானது என்றே இன்னமும் சொல்கிறோம்’ என்பது பொருள். இங்கே ‘ஸ்டோரி’ என்பது கதை அல்ல, செய்தி. ‘எங்கள் கதைக்குத் துணை நிற்கிறோம்’ என்று மொழிபெயர்த்தால் இரண்டு சொற்களும் தவறிப்போகும்.

இந்த வாக்கியத்தின் புகழ்பெற்ற பயன்பாடு 1972 அக்டோபரில் நடந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்து ஒட்டுக்கேட்க முயன்ற வாட்டர்கேட் விவகாரத்தில், அமெரிக்க அதிபர் நிக்ஸனின் தலைமை அலுவலர் ஹால்டிமனுக்கு ஒரு ரகசிய நிதியின் மீது அதிகாரம் இருந்தது என்றும், இதை ஒரு சாட்சி பெருநடுவர் குழுவின் (குற்றம் சாட்டப் போதிய சான்று உண்டா என்று ஆராயும் குழு) முன் சொன்னார் என்றும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. குழுவின் முன் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாட்சியின் வழக்கறிஞர் மறுத்தார். நாளிதழின் ஆசிரியர் பென் பிராட்லி, ‘வீ ஸ்டாண்ட் பை அவர் ஸ்டோரி’ என்ற வாக்கியத்தையே தன் அறிக்கையாக வெளியிட்டார். பிறகு தெரியவந்தது இது: நிதி பற்றிய செய்தி உண்மை, ஆனால் குழுவின் முன் அதைப் பற்றிக் கேள்வி எழவில்லை, ஆகவே சாட்சி அங்கே சொல்லவுமில்லை.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஸ்டாண்ட் பை’ என்று சொல்பவர் ‘நான் நிரூபித்துவிட்டேன்’ என்று சொல்வதில்லை. ‘இதற்குப் பொறுப்பேற்கிறேன், பின்வாங்க மாட்டேன்’ என்கிறார். சான்று காட்டி நிறுவுவதற்கு ‘பேக் அப்’ என்ற தொடரே பொருத்தம். ஒருவர் தன் கூற்றுக்கு ‘ஸ்டாண்ட் பை’ செய்தும், அதைச் சான்றுகளால் ‘பேக் அப்’ செய்ய முடியாமல் போகலாம்.

திரையில் ‘பிளீஸ் ஸ்டாண்ட் பை’ என்று வந்தால்?

சற்றுப் பொறுத்திருங்கள் என்று பொருள். ‘அருகில் நிற்கவும்’ என்று மொழிபெயர்த்த அறிவிப்பு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் எதற்கு அருகில் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்திருப்பார்கள்.

விமானிகளும் மேடைக் கலைஞர்களும் சொல்லும் ‘ஸ்டாண்ட் பை’யும் அதேதானா?

அதே காத்திருப்புதான், ஆனால் அங்கே பொருள் தொழில்முறையில் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. வானொலித் தொடர்பில் கட்டுப்பாட்டு அறை ‘ஸ்டாண்ட் பை’ என்று சொன்னால், ‘காத்திருங்கள், நானே உங்களை அழைப்பேன்’ என்று மட்டுமே பொருள். கேட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்றும் கொள்ளக்கூடாது, மறுக்கப்பட்டது என்றும் கொள்ளக்கூடாது. பதில் இன்னும் வரவில்லை, அவ்வளவே. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நகரத் தொடங்கினால் விளைவு ஆபத்தாகும்.

நாடக மேடையில் இது ஒரு முன்னெச்சரிக்கை. மேடை மேலாளர் முதலில் ‘ஸ்டாண்ட் பை’ என்று சொல்லி விளக்கைக் கையாள்பவரின் கையைப் பொத்தானுக்குக் கொண்டுவருகிறார். அவர் ‘ஸ்டாண்டிங் பை’ என்று பதில் தருகிறார். பிறகு ‘கோ’ என்ற ஒற்றைச் சொல் வந்ததும் விளக்கு மாறுகிறது. ‘கோ’ வரும்வரை விரல் அசையாது. கடலில் வேறொரு வழக்கு: ஆபத்திலுள்ள ஒரு கப்பலை விட்டு அகலாமல், தேவைப்பட்டால் ஆட்களை ஏற்றிக்கொள்ள ஆயத்தமாக இன்னொரு கப்பல் அருகில் நிற்பதும் ‘ஸ்டாண்ட் பை’தான். முதற்பொருளான துணையும் மூன்றாம் பொருளான ஆயத்தமும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது. எனக்கு இந்த வழக்கின்மீது தனிப் பிரியம் உண்டு.

2020இல் ஓர் அமெரிக்கத் தேர்தல் விவாதத்தில் இந்தத் தொடர் சர்ச்சையானது ஏன்?

2020 செப்டம்பர் 29 அன்று நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில், பிரவுட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது டொனால்ட் டிரம்ப் அவர்களை நோக்கி “ஸ்டாண்ட் பேக் அண்ட் ஸ்டாண்ட் பை” என்றார். ‘ஸ்டாண்ட் பேக்’ என்றால் பின்னால் தள்ளி நில். அதோடு நிறுத்தியிருந்தால் சர்ச்சைக்கு இடமே இல்லை. ‘ஸ்டாண்ட் பை’ சேர்ந்ததும், ‘அழைக்கும்போது வரத் தயாராக இருங்கள்’ என்று ஒலித்தது. அந்தக் குழுவினரும் அப்படியே எடுத்துக்கொண்டு அந்தச் சொற்களைத் தங்கள் சின்னத்தோடு சேர்த்துப் பரப்பினார்கள். மறுநாள் டிரம்ப், அவர்கள் ‘ஸ்டாண்ட் டவுன்’ செய்ய வேண்டும் என்றார்.

அரசியலை ஒதுக்கிவிட்டு மொழியை மட்டும் பாருங்கள். ‘ஸ்டாண்ட் பை’ என்றால் ஆயத்தம் தொடர்கிறது. ‘ஸ்டாண்ட் டவுன்’ என்றால் ஆயத்தம் முடிந்தது, கலைந்து போங்கள். ‘பை’, ‘டவுன்’ என்ற இரண்டு சிறு சொற்களுக்கு இடையே அவ்வளவு பெரிய இடைவெளி.

‘ஸ்டாண்ட்பை’ என்று சேர்த்து எழுதுவது எப்போது?

வினையாக வரும்போது ஆங்கிலத்தில் இரு சொற்களாகப் பிரித்தும், பெயராகவோ அடையாகவோ வரும்போது ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுத வேண்டும். உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. பெயராக இருந்தால் அழுத்தம் முதற்பகுதியான ‘ஸ்டாண்ட்’ மேல் விழும். காத்திருக்கும்படி சொல்லும் வினையில் அழுத்தம் ‘பை’ மேல் விழும். பன்மை எழுதும்போது கடைசி எழுத்தான ‘ஒய்’யை அப்படியே வைத்து ‘எஸ்’ சேர்த்தால் போதும். ‘ஐ-ஈ-எஸ்’ ஆக மாற்றக் கூடாது.

பெயராக அது பல இடங்களில் வாழ்கிறது. உறுதியான இருக்கை இல்லாமல், யாராவது வராவிட்டால் ஏறிக்கொள்ளக் காத்திருப்பவர் ஸ்டாண்ட்பை பயணி. மின்சாரம் நின்றால் இயங்கக் காத்திருப்பது ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர். எப்போதும் கைகொடுக்கும் பழகிய ஒன்றையும் ‘ஸ்டாண்ட்பை’ என்பார்கள். பன்னாட்டு நாணய நிதியம் 1952இல் தொடங்கிய கடன் முறைக்கும் இந்தப் பெயர்தான்: ஒரு நாடு தனக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும்படி, நிபந்தனைகளோடு ஒதுக்கி வைக்கப்படும் தொகை அது.

தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்தபின் எரியும் சிறு விளக்கும் ‘ஸ்டாண்ட்பை’யைத்தான் காட்டுகிறது. கருவி உறங்கவில்லை, உங்கள் விரலுக்காகக் காத்திருக்கிறது, அதற்காக மின்சாரமும் செலவழிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு, அலுவலகக் கருவிகள் பலவற்றுக்கு இந்தச் செலவை 2010 முதல் 1 வாட்டாகவும், தகவல் காட்டும் திரை இருந்தால் 2 வாட்டாகவும், 2013இல் அவற்றில் பாதியாகவும் கட்டுப்படுத்தியது.

‘பைஸ்டாண்டர்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டது போன்ற சொல் அது: அருகே நிற்பவர். ஆனால் பொது ஆங்கிலத்தில் துணை நிற்பவரைப் ‘பைஸ்டாண்டர்’ என்று சொல்வதில்லை. அந்தச் சொல் பார்வையாளர் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டது. தற்செயலாக அங்கிருந்தவர், சம்பந்தமில்லாதவர் என்பதே அதன் பொருள்.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்தும் எவரும் எதுவும் செய்யவில்லை என்று செய்தி வந்தது. அந்த எண்ணிக்கையும் விவரிப்பும் மிகைப்படுத்தப்பட்டவை என்று பின்னர் தெளிவானது. ஆனால் அந்தச் செய்தி ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரு உளவியலாளர்களைச் சிந்திக்க வைத்தது. 1968இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஒலி கேட்கவைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடினர். தன்னோடு வேறு நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிச் செய்தவர்கள் 31 சதவீதத்தினர் மட்டுமே. அந்த மற்றவர்களில் ஒருவர் எழுந்துபோவார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். ‘ஸ்டாண்ட் பை’யின் நான்காம் பொருள் கொடிய மனம் படைத்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இலக்கணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தொடரைப் பிரிக்கக் கூடாது. ‘ஸ்டாண்ட் பை மீ’ சரி. ‘ஸ்டாண்ட் மீ பை’ தவறு. ‘பேக் அப்’ இதற்கு நேர்மாறு: அங்கே ‘பேக் மீ அப்’ என்று நடுவில்தான் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஆதரவு என்ற பொருள் இருப்பதால் மாணவர்கள் ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வேடிக்கை பார்க்கும் பொருளில் ‘ஐட்லி’ என்ற சொல் நடுவில் புகலாம்: ‘ஸ்டாண்ட் ஐட்லி பை’. துணை நிற்கும் பொருளில் ‘ஃபர்ம்லி’ (உறுதியாக) போன்ற சொல்லும் அப்படி நடுவில் வரலாம். அதை முன்னாலும் வைக்கலாம்.

இறந்தகாலம் ‘ஸ்டுட் பை’. ‘ஸ்டாண்டட்’ என்றொரு வடிவம் கிடையாது. ‘ஆர் ஸ்டாண்டிங் பை’ என்ற தொடர்வினை வடிவம் ஆயத்த நிலைக்கு மிக இயல்பாக வரும். செயப்பாட்டு வினையில் இந்தத் தொடரைப் பயன்படுத்த முயலாதீர்கள், காதுக்கு ஒவ்வாது.

இதைப் போன்ற மற்றத் தொடர்களோடு குழப்பம் வருகிறது. எப்படிப் பிரித்தறிவது?

‘ஸ்டாண்ட் அப் ஃபார்’ என்பது வாய் திறந்து பரிந்து பேசுவது. எதிரே ஒரு தாக்குதல் இருக்கும்; நீங்கள் எழுந்து மறுக்கிறீர்கள். ‘ஸ்டாண்ட் பை’ மௌனமாகவும் நடக்கலாம். ‘ஃபார்’ இருக்குமிடத்தில் ‘டு’ போட்டு ‘ஸ்டாண்ட் அப் டு’ ஆக்கினால் அவரை எதிர்த்து நிற்கிறீர்கள் என்றாகிவிடும். கடிதத்தில் இந்த ஒரு சொல் மாறினால் நட்பு பகையாகத் தெரியும். அனுப்புமுன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

‘ஸ்டாண்ட் வித்’ தோழமையை அறிவிப்பது. முன்பின் தெரியாத மக்கள் கூட்டத்துக்காகவும் அதைச் சொல்லலாம், பெரும்பாலும் பொதுவெளியில் சொல்வது. ‘ஸ்டாண்ட் பிஹைண்ட்’ பின்னாலிருந்து பக்கபலம் தருவது. தங்கள் பொருளின் தரத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும்போதும் வரும். ‘ஸ்டிக் பை’ ஏறக்குறைய ‘ஸ்டாண்ட் பை’யேதான், பேச்சுவழக்கின் நெருக்கம் கொஞ்சம் கூடுதல். ‘ஸ்டாண்ட் இன் ஃபார்’ ஆதரவே அல்ல. ஒருவர் இல்லாதபோது அவர் வேலையைப் பார்ப்பது.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். இரு மொழிகளும் இங்கே எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்கின்றன. ஆங்கிலம் ‘நில்’லுக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுகிறது. தமிழ் ‘நில்’லுக்கு முன்னால் ஒன்றை வைத்து மாற்றுகிறது: துணை நின்றான், சொல்லில் நின்றான், ஆயத்தமாக நின்றான், கைகட்டி நின்றான். நான்கு பொருள்களுக்கும் தனித்தனி அடைமொழி நம்மிடம் தயாராக இருக்கிறது. அதனால் ஆங்கிலம் விட்டுவைத்த குழப்பம் தமிழில் நேராது, நேரக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் எந்த நிற்றல் என்று முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

‘ஆதரவு அளித்தார்’ என்ற தொடரை எல்லா இடத்திலும் போட்டு நிரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அறிக்கைகளின் மொழி. ஒரு மனைவி, நோயில் விழுந்த கணவனுக்கு ‘ஆதரவு அளிப்பதில்லை’. அவள் கூடவே இருக்கிறாள், கைவிடாமல் இருக்கிறாள், உறுதுணையாக நிற்கிறாள். இவற்றுள் எது அந்த வாக்கியத்தின் குரலுக்குப் பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். சொல்லில் உறுதியாக இருப்பதற்கு ‘சொன்ன சொல் மாறவில்லை’ என்பது ‘கருத்துக்கு ஆதரவாக உள்ளார்’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதுகிறேன். ‘ஐ வில் ஸ்டாண்ட் பை யூ’ என்று எழுதலாமா?

அவதூறு, வழக்கு, வேலையிழப்பு, நீண்ட நோய் போன்ற தொடரும் இடர் என்றால் தாராளமாக எழுதலாம். அந்தச் சூழல்களில்தான் மனிதர்கள் மெல்ல விலகுவார்கள். விலக மாட்டேன் என்ற உறுதிமொழிக்கு அங்கே எடை உண்டு. அது நீண்ட காலத்துக்கான வாக்கு என்பதை அறிந்தே எழுதுங்கள்.

மரணம் நேர்ந்த வீட்டுக்கு எழுதும் மடலில் நான் இதைத் தவிர்ப்பேன். அங்கே யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை, அவர் பக்கம் நிற்பதா வேண்டாமா என்ற கேள்வியும் எழவில்லை. “ஐ ஆம் ஹியர் ஃபார் யூ” என்ற எளிய வாக்கியம் போதும். அதற்கடுத்த வரியில் எந்த நாளில் எத்தனை மணிக்கு அவரைப் பார்க்க வருவீர்கள் என்று எழுதுங்கள்.